எக்செலில் ஒரு டெங்கு: கொசுவுக்குப் பேரேடு எழுதும் முறை

சுகாதார ஆய்வாளர் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் தென்காசிப் பக்கம். அடுத்தவர் வீட்டு டிரம்முக்குள் டார்ச் அடித்துப் புழு தேடியே பாதி ஆயுள் போனது. கணக்குப் படிப்பு பிளஸ் டூவோடு சரி. அப்படிப்பட்ட நானே வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வார்டு முழுக்க டெங்கு பரவுவதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றால், இதைப் படிக்கும் யாரும் செய்யலாம்.

எனக்கு எக்செல் சொல்லிக்கொடுத்தது தங்கை மகன். நான் செய்வதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, கொசுவுக்குப் பேரேடு போடுதியளா?" என்று சிரித்தான். அவன் கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நேற்றைய இருப்பு, இன்றைய வரவு, இன்றைய செலவு, இன்றைய இருப்பு. மளிகைக் கடையில் நோட்டு எழுதத் தெரிந்தால் இது போதும். எக்செல், கூகுள் ஷீட், லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

இதை ஏன் ஆரம்பித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாளின் அமைப்பே அதிலிருந்துதான் வந்தது. 2012 கோடையில் எங்கள் பக்கம், கடையநல்லூர் வட்டாரத்தில், டெங்கு கடுமையாக வந்தது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கக் கணக்கில் வந்தவர்கள் 12,826 பேர், இறந்தவர்கள் 66 பேர். அதற்குச் சில வருஷம் கழித்து வேறோர் ஊரில் காய்ச்சல் ஏறியபோது, ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, "தொட்டி, டிரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வைத்துவிட்டோம், இரண்டு வாரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும்" என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஏறியது. மூன்றாவது வாரமும் ஏறியது. கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எந்த ஆபீஸ், யார் திட்டியது என்பதெல்லாம் வேண்டாம். நாங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தோம். அப்புறம் எங்கே தப்பியது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தத் தாளைப் போட்டேன்.

முதலில் எண்களை முடிவு செய்யுங்கள்

ஒரு வார்டு, 5000 பேர். பெண் கொசு ஆளுக்கு மூன்று வீதம் 15,000. ஆண் கொசு கடிக்காது, அதை எண்ண வேண்டாம். ஆளுக்கு மூன்று என்பது நானாக வைத்துக்கொண்டது, உங்கள் ஊருக்கு வேறாக இருக்கலாம். ஒரு கொசு இரண்டு நாளுக்கு ஒருமுறை மனிதரைக் கடிக்கிறது என்று வைத்தேன், அதாவது நாளுக்கு 0.5. நோயுள்ளவரைக் கடித்தால் கொசுவுக்குத் தொற்ற வாய்ப்பு 0.4. தொற்றிய கொசு நல்லவரைக் கடித்தால் அவருக்குத் தொற்ற வாய்ப்பு 0.4. இவையும் சுமாராக வைத்தவைதான்.

இனி வருகிற மூன்று எண்களை மட்டும் அலட்சியமாகப் போடாதீர்கள். ஒன்று, மனித உடம்பில் கிருமி தயாராக எடுக்கும் காலம்: 5 நாள். இரண்டு, அவர் கொசுவுக்குக் கொடுக்கக்கூடிய காலம்: இன்னொரு 5 நாள். மூன்று, கொசுவுக்குள் கிருமி வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரும் காலம்: 10 நாள். நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே நோய் பரப்பாது. ஏடிஸ் கொசுவுக்குள் டெங்குக் கிருமி முதிர நம் ஊர் வெப்பத்தில் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும்.

இந்த 10 நாளும் கொசு உயிரோடு இருக்க வேண்டுமே! ஒரு நாளில் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வையுங்கள். பல்லி, சிலந்தி, விசிறி, ஆச்சியின் கை, எத்தனையோ எமன். அப்படியானால் நாளுக்கு 0.9 பங்கு பிழைக்கிறது. பத்து நாள் பிழைக்க 0.9-ஐப் பத்து முறை பெருக்குங்கள்: 0.3487. அதாவது தொற்றிய 100 கொசுவில் 35 மட்டுமே பரப்பும் வயதை எட்டுகின்றன. மீதி 65 நமக்குத் தீங்கு செய்யாமலே செத்துவிடுகின்றன. இந்த 0.3487-ஐத் தனியாக ஒரு கட்டத்தில் எழுதி மஞ்சள் நிறம் அடித்து வையுங்கள். கடைசி வரை இதுதான் பேசும்.

தாளைப் போடுவது

பதினொரு பத்தி வேண்டும். நாள்; ஆள் புதிது; ஆள் நலம்; ஆள் அடைகாப்பு; ஆள் பரப்புவோர்; ஆள் தேறியவர்; கொசு புதிது; கொசு அடைகாப்பு; கொசு முதிர்வு; கொசு பரப்புவது; கொசு நலம். "புதிது" என்றால் இன்றைக்குத் தொற்றியவை. "அடைகாப்பு" என்றால் தொற்றியும் இன்னும் பரப்பத் தொடங்காதவை. "முதிர்வு" என்றால் இன்றைக்கு அடைகாப்பு முடிந்து பரப்பும் கூட்டத்தில் சேருபவை.

தலைப்புக்குக் கீழே 12 வரிசையில் புதிது, அடைகாப்பு, முதிர்வு, பரப்புவது எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டு நிரப்புங்கள். "பத்து நாளுக்கு முந்தைய வரிசை" என்று சூத்திரம் தேடும்போது தலைப்பு எழுத்தைப் பிடித்துக்கொண்டு பிழை காட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆள் புதிது: பரப்பும் கொசு × 0.5 × 0.4 × (ஆள் நலம் / 5000). கடைசி அடைப்பு ஏன் என்றால், ஏற்கெனவே தேறியவரைக் கடித்தால் அது வீண் கடி.

கொசு புதிது: கொசு நலம் × 0.5 × 0.4 × (ஆள் பரப்புவோர் / 5000).

கொசு முதிர்வு: பத்து வரிசைக்கு முந்தைய கொசு புதிது × 0.3487.

இனி இருப்புகள், எல்லாம் நேற்றைய வரிசையைப் பார்த்து எழுதுவது. ஆள் நலம் = நேற்றைய நலம் − நேற்றைய புதிது. ஆள் அடைகாப்பு = நேற்றைய அடைகாப்பு + நேற்றைய புதிது − அதற்கும் ஐந்து நாள் முந்தைய புதிது. அந்த ஐந்து நாள் முந்தையவர்கள் பரப்புவோர் பத்தியில் வரவாகிறார்கள். பத்து நாள் முந்தையவர்கள் அங்கிருந்து கழிந்து தேறியவர் பத்திக்குப் போகிறார்கள். கொசு அடைகாப்பு = நேற்றைய அடைகாப்பு × 0.9 + நேற்றைய புதிது − நேற்றைய முதிர்வு. கொசு பரப்புவது = நேற்றைய பரப்புவது × 0.9 + நேற்றைய முதிர்வு. கொசு நலம் = 15,000-இலிருந்து மற்ற இரண்டையும் கழித்தது; செத்ததற்குச் சமமாக நாளுக்கு 1500 புதுக் கொசு பிறக்கிறது என்று அர்த்தம்.

கொசுவுக்குத் தேறுதல் கிடையாது, கவனியுங்கள். தொற்றினால் சாகும் வரை பரப்பும். அதனால் அதற்கு அப்படி ஒரு பத்தியே இல்லை.

முதல் நாள் வரிசையில் ஆள் நலம் 5000, கொசு நலம் 15,000, ஆள் புதிது 1 என்று கையால் எழுதுங்கள். வெளியூர் போய் வந்த யாரோ ஒருவர். பிறகு சூத்திரங்களைப் பிடித்து 600 வரிசைக்கு இழுத்து விடுங்கள். மனிதர் நான்கு பத்தியின் இருப்பையும் கூட்டினால் எல்லா வரிசையிலும் 5000 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ வரவு எழுதிச் செலவு எழுத மறந்திருக்கிறீர்கள். ஓரத்தில் இந்தக் கூட்டலுக்கு ஒரு பத்தி வைத்துக்கொள்வது நல்லது; பேரேடு எழுதுகிற எவரும் அடிமட்டக் கூட்டல் போடாமல் எழுந்திருக்க மாட்டார்.

இங்கே எனக்கும் தங்கை மகனுக்கும் ஒரு சண்டை. பத்து நாள் முந்தைய வரிசையைத் தேடும் தொல்லை எதற்கு, அடைகாப்பில் இருக்கிற கொசுவில் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கை முதிர்வுக்கு அனுப்பினால் சராசரி பத்து நாள் வந்துவிடுமே என்று மருமகன் ஒரு தாள் போட்டான். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தத் தாளில் நேற்று ரத்தம் குடித்த கொசுவில் ஒரு பங்கு இன்றைக்கே பரப்பத் தொடங்கிவிடுகிறது. 100-க்கு 35 முதிர வேண்டியது 47 ஆகிவிடுகிறது. வந்த பரவல் பார்த்தாலே பயமாக இருந்தது. சராசரி சரியாக இருந்தும் தாள் பொய் சொல்கிறது! ஆகவே, சோம்பல் பார்க்காமல் பழைய வரிசையைத் தேடும் சூத்திரத்தையே போடுங்கள்.

ஓடவிட்டுப் பார்க்கும்போது

முதலில் ஏமாற்றமாக இருக்கும். இரண்டு மாதம் ஓடியும் மொத்தம் தொற்றியவர் பத்துப் பேருக்குள்தான் நிற்கும். கோடு தரையோடு படுத்துக் கிடக்கும். சூத்திரம் தவறோ என்று தேட வேண்டாம். இந்த எண்களில் தொற்று இரட்டிப்பாக 25 நாள் ஆகிறது. உச்சிக்குப் போக ஒன்பது மாதத்துக்கும் மேல்.

டெங்கு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே தெரியாது. உலக அளவில் வருஷத்துக்கு 39 கோடித் தொற்று, அதில் 9.6 கோடிப் பேருக்குத்தான் அறிகுறி என்று 2013-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது, நாலில் ஒன்று. நம் தாளில் இரண்டு மாதத்தில் தொற்றிய ஆறேழு பேரில் படுத்தவர் இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரி போனார், இன்னொருவர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார் என்றால், "வார்டில் ஒரு டெங்கு" என்று ஆபீசுக்குத் தகவல் வரும்போது வாளி ஏற்கெனவே பாதி நிரம்பிவிட்டது.

ஒரு நோயாளியிலிருந்து அடுத்த சுற்றில் எத்தனை நோயாளி என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். ஆளுக்கு 3 கொசு × 0.5 × 0.5 × 0.4 × 0.4 × 0.3487 × மனிதர் பரப்பும் 5 நாள் × கொசு பரப்பும் சராசரி 10 நாள். பெருக்கினால் 2.09. இதைப் பெருக்கல் எண் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மேல் இருந்தால் பரவும், கீழே போனால் அடங்கும். கடிக்கிற வேகம் மட்டும் இரண்டு முறை வருகிறது. நோயை எடுக்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி.

இந்தக் கணக்கின் மூலவர் ரொனால்ட் ராஸ். 1897 ஆகஸ்ட் 20 அன்று சிகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தவர். பிறகு, கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானே நின்றுவிடும் என்று கணக்கில் காட்டினார். 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதே கணக்கை எடுத்து, கொசுவின் எண்ணிக்கையைவிட ஆயுள்தான் பெரிய பிடி என்று சொன்னார். அதை நம் தாளிலேயே சோதித்துப் பாருங்கள். கொசுவைப் பாதியாக்கினால் 2.09 என்பது 1.05 ஆகிறது. பாதிக் கொசுவை ஒழித்தும் நோய் இன்னும் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இப்போது கொசுவை 15,000-இலேயே விட்டுவிட்டு, நாளுக்குப் பிழைப்பதை மட்டும் 0.9-இலிருந்து 0.85 ஆக்குங்கள். பத்து நாள் தாண்டுகிறவை 35-இலிருந்து 20 ஆகின்றன. பரப்பும் நாளும் 10-இலிருந்து ஏழுக்குக் கீழே வந்துவிடுகிறது. பெருக்கல் எண் 0.79. நோய் அடங்கிவிட்டது!

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு, நூறு வீட்டுக்கு எத்தனைப் பாத்திரத்தில் புழு என்று எழுதி எழுதி ரிஜிஸ்தரை நிரப்பினேன். கொசுவின் வயதைப் பற்றி ஒரு நாள்கூட ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

வெயிலையும் இதே தாளில் பார்க்கலாம். வெப்பம் ஏறினால் கொசுவுக்குள் கிருமி சீக்கிரம் முதிரும். 10 நாளை 7 ஆக்குங்கள். 0.3487 இருந்த இடத்தில் 0.4783 வரும், முந்தைய வரிசைத் தேடலையும் ஏழாக மாற்ற வேண்டும். பெருக்கல் எண் 2.87. இரட்டிப்பாகும் காலம் 25 நாளிலிருந்து 15 ஆகக் குறைகிறது. ஒரேயடியாகச் சுட்டால் கொசுவும் சீக்கிரம் சாகும், அதையும் சேர்த்து மாற்றிப் பாருங்கள். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்.

தொட்டி கழுவலும் புகையும்

தாளில் இன்னொரு பத்தி சேருங்கள்: கொசு பிறப்பு. நாளுக்கு 1500. இனி மொத்தக் கொசு = நேற்றைய மொத்தம் × 0.9 + பிறப்பு. கொசு நலம் பத்தியில் 15,000 என்ற நிலையான எண்ணை எடுத்துவிட்டு இந்த மொத்தத்தைக் கொடுங்கள். இப்போது தொட்டி கழுவும் நாளில் பிறப்பை 750 ஆக்குங்கள். பாதித் தொட்டி சுத்தமானது என்று பொருள்.

மொத்தக் கொசு உடனே குறையாது. பத்து நாள் கழித்து 10,100 பக்கம், இருபது நாளில் 8,400. காய்ச்சல் கணக்கு? கழுவிய நாளில் ஏற்கெனவே கிருமி சுமந்த கொசு அப்படியே பறந்துகொண்டிருக்கிறது. அடுத்த பத்து நாள் முதிரப்போவதும் கழுவுவதற்கு முன்பே தொற்றியவைதான். அவை கடித்தவருக்குக் காய்ச்சல் வர இன்னும் ஐந்து நாள். ஆகமொத்தம் 15 நாள் வரை நம் வேலையின் தடம் காய்ச்சல் கணக்கில் விழவே விழாது. அதற்குப் பிறகும் மெதுவாகத்தான். ஆஸ்பத்திரித் தகவல் ஆபீசுக்கு வர ஆகும் நாட்கள் தனி. அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன இரண்டு வாரம் என்பது, எதுவுமே தெரியாத அந்த 14 நாள்! நான் வேலையில் தப்பவில்லை, தேதியில் தப்பியிருக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளச் சில வருஷமும் ஒரு எக்செல் தாளும் ஆயிற்று.

புகை மருந்து நேர் எதிர். ஒரு நாளில் வளர்ந்த கொசுவில் 70 சதவீதம் சாகிறது என்று போட்டு, மொத்தம், அடைகாப்பு, பரப்புவது மூன்றையும் 0.3-ஆல் பெருக்குங்கள். முதிர்வுப் பத்திக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே அடைகாப்பில் இருந்தவை முதிரும் அடுத்த பத்து நாளும் 0.3-ஆல் பெருக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அடைகாப்பில் கழித்தல் குறி வந்து நிற்கும். பரப்பும் கொசு அன்றைக்கே சரிவதால் ஒரே வாரத்தில் காய்ச்சல் குறைகிறது. புகை வண்டிக்கு நல்ல பெயர். ஆனால் பிறப்பு 1500 நிற்கவில்லை. ஏழே நாளில் மொத்தம் 10,000 பக்கம் திரும்பிவிடுகிறது, மூன்று வாரத்தில் 13,850. ஒருமுறை அடித்த புகை உச்சியை அதிகம் போனால் ஒன்றரை மாதம் தள்ளிப் போடும். அதுவும் 70 செத்தால். ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் உட்காருகிற ஜாதி. தெருவில் வண்டி போகும் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துவார்கள், நானே பார்த்திருக்கிறேன். 30 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள், தள்ளிப்போவது இரண்டு வாரத்துக்குள் சுருங்கிவிடும். அந்தத் தவணையில் தொட்டி கழுவினால் புகைக்கு அர்த்தம் உண்டு.

அரைக்கால் கொசு

இந்தத் தாளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. எக்செலுக்கு 0.003 கொசுவும் கொசுதான். ஆறு மாதம் கொசுவைக் குறைத்து வைத்துவிட்டு மீண்டும் ஏற்றினால், 0.003 கொசு கடித்து 0.001 ஆளுக்குக் காய்ச்சல் வந்து, ஊரே படுக்கும். நிஜத்தில் அந்தக் கடைசிக் கொசுவைப் பல்லி பிடித்த அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

இதற்கு மருந்து பகடை. ஒவ்வொரு வரவையும் முழு எண்ணாக, அதிர்ஷ்டத்துக்கு விட்டு எடுக்க வேண்டும். 4999 பேரில் ஒவ்வொருவருக்கும் இன்றைக்குத் தொற்றும் வாய்ப்பு இவ்வளவு, எத்தனை பேருக்குத் தொற்றியது என்று பகடை போட வேண்டும். 12 பரப்பும் கொசுவில் எத்தனை இன்று பிழைத்தது என்று பகடை போட வேண்டும். அடைகாப்பில் உள்ள கொசுவை ஒரே இருப்பாக வைக்காமல், தொற்றிய நாள் வாரியாகப் பத்துக் கட்டமாகப் பிரித்து, தினமும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பகடை போட்டு அடுத்த கட்டத்துக்குத் தள்ளுங்கள். எக்செலிலேயே முடியும், ஆனால் தாள் ஒவ்வொரு தட்டலுக்கும் தானே மறுபடி ஓடிக் கண்ணைக் கட்டும். இதற்குப் பைத்தான் என்ற இலவச நிரல் மொழிக்குப் போய்விடுங்கள். அதன் நம்பை என்ற தொகுப்பில், இத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று எடுத்துத் தரும் பைனாமியல் பகடை தயாராக இருக்கிறது; முப்பது நாற்பது வரியில் முடிந்துவிடும். பகடைக்கு ஆரம்ப எண் ஒன்றைக் கொடுத்துக் குறித்து வையுங்கள், இல்லையென்றால் நேற்று வந்த விசித்திரமான ஓட்டத்தை இன்றைக்கு யாருக்கும் காட்ட முடியாது.

ஒரே ஒரு நோயாளியோடு ஆரம்பித்து ஆயிரம் முறை ஓட்டுங்கள். பெருக்கல் எண் 2.09 ஆக இருந்தும், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டங்களில் பரவல் தானாகவே அணைந்துவிடுகிறது. நோயாளி சராசரி மூன்று கொசுவுக்குத்தான் கொடுக்கிறார். அவற்றில் ஒன்று முதிர்ந்தால் பெரிது. ஒன்றுகூட முதிராமல் போகும் வாய்ப்பே நூற்றுக்கு 35. இதைப் பார்த்த பிறகு, "போன வருஷம் எங்கள் தெருவில் ஒன்றும் வரவில்லையே, எதற்குத் தொட்டியைக் கழுவச் சொல்கிறீர்கள்" என்று கேட்பவர்மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்தது. அவர் பார்த்தது பொய்யில்லை. அவருக்குப் பகடை நன்றாக விழுந்திருக்கிறது.

தெருத் தெருவாக

5000 பேரும் 15,000 கொசுவும் ஒரே அறையில் இருப்பதுபோலத்தான் இதுவரை கணக்குப் போட்டோம். அதனால்தான் தாளை முழுக்க ஓடவிட்டால் ஐந்தில் நாலு பேருக்குத் தொற்றியதாகக் காட்டும். 2005, 2006-இல் ரீயூனியன் தீவைச் சிக்குன்குனியா புரட்டிப் போட்டபோதுகூட மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு மேல்தான் தொற்றியது. ஐந்தில் நாலு இல்லை.

வார்டைப் பத்துத் தெருவாக்குங்கள், தெருவுக்கு 500 பேர், 1500 கொசு. ஏடிஸ் சோம்பேறி, பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்கு மேல் போவது அபூர்வம். ஆகவே கொசு தெருவை விட்டு நகரக் கூடாது. மனிதர் நகர்வார்கள். இது பகலில் கடிக்கும் கொசு என்பதால், பகலில் ஆள் எங்கே இருக்கிறார் என்பதே முக்கியம். பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரத்தில் செய்த ஆய்வில், டெங்குவை வீடு வீடாகக் கொண்டுபோனது கொசுவின் பறத்தலைவிட மனிதர் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்வருவதே என்று கண்டார்கள். நம் ஊரில் பீடி சுற்றும் பெண்கள் ஒரு திண்ணையில் கூடுவதை, பள்ளிக்கூடத்தை, டியூஷன் வீட்டை, துக்க வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அட்டவணை ஒன்று போட்டு, எந்தத் தெரு ஆள் எந்தத் தெருவில் பகலில் எவ்வளவு பங்கு நேரம் இருக்கிறார் என்று நிரப்புங்கள். துல்லியம் வேண்டாம். சொந்தத் தெருவுக்கு 0.8, பள்ளித் தெருவுக்கு 0.1, மீதியைப் பரவலாக வைத்தாலே வேறுபாடு தெரியும். நெட்லோகோ என்ற இலவச மென்பொருளில் இதைப் படமாகவே பார்க்கலாம். கம்ப்யூட்டருக்குப் பயப்படும் ஆட்களுக்குக் காட்ட அது நல்லது.

ரிஜிஸ்தரோடு ஒப்பிடுவது

தாளில் வரும் தொற்றை நேராக ஆஸ்பத்திரிக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். வாரம் வாரியாகக் கூட்டி, நாலில் ஒன்றாக்கி, அதில் எத்தனைப் பங்கு அரசுக் கணக்குக்கு வரும் என்று ஒரு எண்ணால் பெருக்கி, ஒரு வாரம் தள்ளி வைத்து அப்புறம் ஒப்பிடுங்கள். போன பரவலில் அதே வகை டெங்கு வந்திருந்தால், ஆரம்பத்திலேயே ஒரு பங்கு மக்களைத் தேறியவர் பத்திக்கு மாற்ற வேண்டும். 40 சதவீதம் தேறியவர் என்றால் 2.09 என்பது 1.25 ஆகிறது. டெங்குவில் நாலு வகை உண்டு; ஒன்றில் தேறியவர் மற்றதற்குத் தேறியவர் அல்லர், இரண்டாவது முறை கடுமையாகும் ஆபத்தும் அதிகம். நாலு வகையையும் ஒரே தாளில் கட்ட முயன்று நான் கைவிட்டேன். ஒரு வகையோடு நிறுத்துங்கள்.

கோடு பொருந்திவிட்டால் உடனே சந்தோஷப்படவும் வேண்டாம். கொசு இரண்டு மடங்கு, கொசுவுக்குத் தொற்றும் வாய்ப்பு மட்டும் பாதி என்று மாற்றிப் பாருங்கள். ஏறக்குறைய அதே கோடு வரும். காய்ச்சல் கணக்கை மட்டும் வைத்து எது உண்மை என்று தாளால் சொல்ல முடியாது. அதற்கு யாராவது தெருவில் இறங்கிக் கொசு பிடிக்கத்தான் வேண்டும்.

பருவத்துக்கு எல்லோரும் மழை அளவைச் சேர்ப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் கொசு ஏறும், கோடையில் இறங்கும் என்று பிறப்புப் பத்தியை மாற்றினேன். 2012 கோடைக்கு அது பொருந்தவே இல்லை. பிறகு, ஒரு வீட்டில் டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னபோது அந்த வீட்டு ஆச்சி சொன்னது ஞாபகம் வந்தது: "தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா விடுதாவ தம்பி. கவுத்திட்டா நாங்க எதைக் குடிக்க?" முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை குழாய் வந்தால் டிரம் காலியாகி மறுபடி நிறையும்; எட்டு நாள், பத்து நாள் என்றால் புழு நிம்மதியாக வளர்ந்து பறந்துவிடும். காலியானாலும் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த தண்ணீரில் பொரிக்கும்.

ஆகவே மழைப் பத்தியை எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் இடைவெளி என்று ஒரு பத்தி போட்டேன். இடைவெளி 4 நாளுக்குள் என்றால் பிறப்பு 700, எட்டுக்கு மேல் என்றால் 1500, நடுவில் ஏறுவரிசை. இந்த எண்கள் என் ஊகம். இடைவெளித் தேதிகள் ஊகமில்லை. வால்வு திறந்துவிடுகிறவர் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். உங்கள் வார்டுக்குத் தாள் போடுமுன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அந்த நோட்டைக் கேளுங்கள்.